சேற்று டயர்: இரண்டு மழைக்காலம் ஓட்டிப் பார்த்த பிறகு

மலைச் சைக்கிளின் முன்சக்கரத்தில் சேற்று டயர் போட்டு இரண்டு மழைக்காலம் ஓட்டிவிட்டேன். வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். டயர் நல்ல டயர், எதற்காகச் செய்தார்களோ அந்த வேலையைச் சரியாகச் செய்கிறது. ஆனால் அதை மாட்டுகிற அன்றைக்கே ஓட்டும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை என்றால், நீங்கள் ஆசையாக ஓட்டும் ஒற்றையடிப் பாதை ஒரே மழைக்காலத்தில் கெட்டுப்போகும். டயரைப் பற்றி எழுத வந்தவன் பாதையைப் பற்றி எதற்கு இவ்வளவு பேசுகிறான் என்று தோன்றலாம். வாங்கும்போது எனக்கும் பிடிப்பு மட்டும்தான் கணக்கில் இருந்தது.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் இந்த வகை டயர் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. சேற்று டயரில் இரண்டு வகை உண்டு. முழு ஸ்பைக் என்பது ஒன்று, மேக்ஸிஸ் வெட்ஸ்க்ரீம், ஷ்வால்பே டர்ட்டி டேன் எல்லாம் அந்த ரகம். பட்டன்கள், அதாவது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் முளைகள், உயரமாக, ஒல்லியாக, ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி நிற்கும். இன்னொன்று அதையே கொஞ்சம் குட்டையாக்கியது, மேக்ஸிஸ் ஷார்ட்டி போல. டவுன்ஹில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் முழு ஸ்பைக் பட்டன்களைக் கட்டரால் நறுக்கி ஓட்டுவது உண்டு, அந்த நறுக்கிய உயரத்திலேயே அச்சில் வார்த்து வருவதுதான் இந்த இரண்டாவது வகை. நான் வாங்கியது குட்டை ஸ்பைக், 29 அங்குலச் சக்கரத்துக்கு 2.4 அங்குல அகலம், டியூப்லெஸ்.

முதலில் பிடிப்பு. சாதாரணப் பட்டன் டயரில் சேறு என்ன செய்கிறது என்று பாருங்கள். பட்டன்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி நாலைந்து சுற்றிலேயே அடைத்துக்கொள்ளும், அதற்கப்புறம் தரையைத் தொடுவது ரப்பர் இல்லை, சேற்றின் மேல் சேறு. வழுக்கை டயர் போட்டது மாதிரி முன்சக்கரம் கையை விட்டுப் போகும். சேற்று டயரில் இடைவெளி பெரிதாக இருப்பதால் சக்கரம் சுற்றும் வேகத்திலேயே ஒட்டிய மண் தெறித்து விழுந்துவிடுகிறது, அடுத்த சுற்றுக்குப் பட்டன் சுத்தமாக வந்து நிற்கிறது. கூடவே, ஸ்பைக் மேலே இருக்கும் குழம்பைக் குத்திக்கொண்டு கீழே இருக்கும் கெட்டி மண்ணை எட்டிப் பிடிக்கிறது. முதல் நாள் வளைவில் சாய்த்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை, வழக்கமாகச் சறுக்கும் இடத்தில் சக்கரம் தண்டவாளத்தில் போவது போல் போனது. எனக்கு 70 கிலோ எடை, முன்னால் 21 பிஎஸ்ஐ காற்று வைத்துக்கொள்கிறேன். அதற்கும் கீழே இறக்கினால் கல்லில் ரிம் இடிக்கிறது.

பிரேக்கிலும் வித்தியாசம் தெரிகிறது. முன்சக்கரம் நிற்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் பின் பிரேக்கைப் பயந்துபோய் முழுக்கப் பிடித்துச் சக்கரத்தைப் பூட்ட வேண்டிய தேவை குறைகிறது. பூட்டிய பின்சக்கரம் இழுபட்டுப் போகும் இடமெல்லாம் மேல்மண் சீவிக்கொண்டு வரும், ஆகவே இது பாதைக்கும் நல்லதுதான். டயர் பாதைக்குச் செய்யும் நன்மை என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் இருப்பது இதுவும், பின்னால் சொல்லப்போகும் இன்னொன்றும்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய டயரில் ஓட்டியபோது சேறு அதிகமாக இருந்தால் நானே திரும்பி வந்துவிடுவேன். ஒழுக்கத்தால் இல்லை, ஓட்ட முடியாததால். டயர் அடைத்துக்கொள்ளும், ஏற்றத்தில் பின்சக்கரம் சும்மா சுற்றும், ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே களிமண் இறுகிச் சக்கரமே நின்றுபோகும். அந்த வழுக்கல் எனக்கு ஒரு தொந்தரவாகத்தான் தெரிந்தது, அது பாதை எனக்குச் சொல்லும் தகவல் என்று அப்போது புரியவில்லை. மண் தாங்கவில்லை, போதும், திரும்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது. சேற்று டயர் அந்தக் குரலை அடைத்துவிட்டது. என்னால் போக முடிகிற எல்லை தள்ளிப் போனது, மண் தாங்குகிற எல்லை இருந்த இடத்தில்தான் இருந்தது.

வாங்கிய இரண்டாவது வாரம், பின்சக்கரத்திலும் இதையே போட்டிருந்த சமயம், இரண்டு நாள் மழை விட்ட மறுநாள், நிழலில் இருக்கும் ஒரு களிமண் ஏற்றத்தில் ஏறினேன். பழைய டயரில் அந்த ஈரத்தில் ஏறவே முடியாத இடம். இறங்காமல் மேலே வரை போய்விட்டேன், அவ்வளவு சந்தோஷம், திரும்பி இறங்கி இன்னொரு தடவை ஏறினேன். பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. பத்து நாள் கழித்து வெயில் காய்ந்த பிறகு அதே இடத்துக்குப் போனால் என் சக்கரத் தடம் இரண்டு விரல்கடை ஆழத்தில் காறையாக இறுகிக் கிடந்தது. அடுத்த பெரிய மழையில் தண்ணீர் முழுக்க அந்தத் தடத்தைப் பிடித்து இறங்கியது. இரண்டு மாதத்தில் அது ஒரு சின்ன வாய்க்கால், இரண்டு பக்கமும் மரத்தின் வேர் வெளியே தெரிந்தது. நான் ஓட்டியது மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும்.

அதைச் சரிசெய்யப் பாதையைப் பராமரிக்கும் தன்னார்வலர்களோடு ஒரு நாள் போனேன். மண்வெட்டியும் வாரியும் பிடித்து முழுசாக ஒரு நாள், ஆறு பேர். அன்றைக்குத்தான் பாதை எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நன்றாக வெட்டிய மலைப்பாதை சமதளமாக இருக்காது, பள்ளத்தின் பக்கமாக ஐந்து சதவீதம் அளவுக்குச் சாய்ந்திருக்கும், மேலிருந்து வரும் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து மெல்லிய படலமாக அந்தப் பக்கம் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக. பாதையின் ஏற்றம் அது போகும் மலைச்சரிவின் சரிவில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது இன்னொரு கணக்கு, தாண்டினால் தண்ணீர் குறுக்கே போகாமல் பாதை வழியாகவே ஓட ஆரம்பிக்கும். இவ்வளவு யோசித்து வெட்டிய பாதையில் நீளவாக்கில் ஒரு தடம் விழுந்தால் போதும், சாய்வு பயனில்லாமல் போய்விடும். தண்ணீருக்கு ஒரு தடவை வழி காட்டிவிட்டால் மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

சைக்கிள்காரர்கள்தான் பாதையைக் கெடுக்கிறார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. 1994-இல் வெளியான வில்சன், சீனி இருவரின் மொன்டானா ஆய்வில் நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், மலைச் சைக்கிள் நான்கையும் முன்கூட்டியே நனைத்த பாதையில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், மண்ணைக் கிளறிவிடுவதில் சக்கரங்களைவிடக் குளம்பும் காலும் அதிகம் என்றுதான் வந்தது. ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கால் தடம் தனித்தனிக் குழி, சக்கரத் தடம் விட்டுப்போகாத ஒரே கோடு. தண்ணீருக்கு வேண்டியது அந்தக் கோடுதான்.

சரி, அப்படியானால் எப்போது ஓட்டலாம்? மழை விட்டு இத்தனை மணி நேரம் என்று ஒரே கணக்கு சொல்ல முடியாது. மணல் கலந்த மண்ணும் கல் பாவிய பாதையும் தண்ணீரைச் சீக்கிரம் விட்டுவிடும், மழை நின்ற அன்றே போகலாம், சில மணல் பாதைகள் ஈரத்தில்தான் இன்னும் நன்றாக இறுகும். களிமண் அப்படியில்லை, துகள் அவ்வளவு சின்னது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே காய்ந்தது போல் தெரிந்தாலும் உள்ளே குழைவாகவே இருக்கும். ஒரே பாதையில்கூட மலைமுகடு காய்ந்திருக்கும்போது நிழல் விழும் ஓடைப்பக்கம் இரண்டு மூன்று நாள் பின்தங்கி இருக்கும். உறைபனி விழும் குளிர்ப் பிரதேசத்தில் இன்னொரு சிக்கல்: காலையில் மண் கல் மாதிரி உறைந்திருக்கும், தாராளமாக ஓட்டலாம், வெயில் ஏறியதும் மேல் ஓர் அங்குலம் மட்டும் இளகும், அடியில் இன்னும் பனிக்கட்டி இருப்பதால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. ஓட்டுவதற்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. அங்கே ஓட்டுகிறவர்கள் விடியற்காலையில் போய் வெயிலுக்கு முன் திரும்பிவிடுவார்கள்.

நான் இப்போது செய்வது இது. பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே திரி போல உருட்டிப் பார்ப்பேன். விளக்குத்திரி கனத்துக்கு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், உடையாமல் உருண்டு வந்தால் அது குழைகிற நிலையில் இருக்கிறது, சக்கரம் பட்டால் வடிவம் மாறும், அன்றைக்கு வேண்டாம். அந்தக் கனத்துக்கு வருவதற்குள் பொடிந்துவிட்டால் ஓட்டலாம். இது நான் கண்டுபிடித்ததில்லை, ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் நூறு வருடத்துக்கு முன்பே களிமண்ணுக்கு வகுத்த எல்லைகளில் ஒன்று, கட்டடப் பொறியாளர்கள் இன்றும் இதே மாதிரி உருட்டித்தான் பார்க்கிறார்கள். அப்புறம் பத்தடி ஓட்டிவிட்டு நிறுத்தித் திரும்பிப் பார்ப்பேன். டயரின் பட்டன் அச்சு மட்டும் பதிந்திருந்தால் பரவாயில்லை. ஓரம் மேடாகி நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் சைக்கிளைத் திருப்பிவிடுவேன். முன்பு டயர் சொன்னதை இப்போது கண் சொல்ல வேண்டியிருக்கிறது.

முழுப் பாதையும் காய்ந்து நடுவில் ஒரே ஒரு இடம் சேறாக இருந்தால் என்ன செய்வது என்பதில்தான் நல்ல ஓட்டுநர்கள்கூடத் தவறு செய்கிறார்கள். சுத்தமாகப் போகலாம் என்று ஓரப் புல்லில் ஏறிச் சுற்றிப் போகிறார்கள். அடுத்த ஆள் அவர் தடத்துக்கும் வெளியே போவார், ஓரத்துச் செடி சாகும், அங்கேயும் சேறாகும், நாலு மழையில் ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை அகலம் ஆகிவிடும். குட்டை இருந்தால் நேராக அதன் நடுவே போங்கள், மெதுவாக, ஒரே சீரான மிதியில். ஓட்ட முடியாது என்று தோன்றினால் இறங்கி நடுவிலேயே தள்ளிக்கொண்டு போங்கள். கால் நனையும், நனையட்டும். இந்த விஷயத்தில் சேற்று டயர் உண்மையாகவே உதவுகிறது, நடுவே போகத் தைரியம் கொடுக்கிறது. அந்த மாதிரி இடம் மூன்று நான்கு வந்துவிட்டால் மட்டும் நான் மேலே போவதில்லை.

பாதை மூடியிருக்கிறது என்று பலகையோ கயிறோ இருந்தால் பேச்சே இல்லை. கயிற்றைத் தூக்கி அடியில் நுழைகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒருவர் போட்ட தடம்தான் அடுத்த இருபது பேருக்கு அனுமதி மாதிரி ஆகிறது. 1988-இல் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கமான இம்பா ஆரம்பத்தில் வகுத்த பாதை விதிகளில் முதல் இரண்டு என்னவென்றால், திறந்திருக்கும் பாதையில் மட்டும் ஓட்டு, தடம் விடாதே. சேற்றில் ஓட்டுவதற்கு இந்த இரண்டே போதும் என்று நினைக்கிறேன்.

எதிரே வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த டயர் மண்ணைத் தெறிக்கவிடுவதற்கென்றே செய்தது, அதனால் வேகமாகப் போனால் பக்கத்தில் நடப்பவர் மேல் கண்டிப்பாகப் படும். நடப்பவர் வந்தால் நடக்கும் வேகத்துக்கு இறங்கிவிடுங்கள், ஒற்றையடியாக இருந்தால் நின்று ஒரு காலை ஊன்றி அவரைப் போகவிடுங்கள். நிற்கும்போதும் பாதை விளிம்புக்கு உள்ளேயே நில்லுங்கள், புல்லில் ஏற வேண்டாம். ஈரத்தில் பிரேக் பிடித்தாலும் நிற்க அதிக தூரம் வேண்டும், ஆகவே வளைவுக்கு முன்பே குரல் கொடுத்துவிடுவது நல்லது. ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழி விடுவது பொதுவான வழக்கம், சேற்றில் அது இன்னும் முக்கியம், ஏற்றத்தில் நின்றுவிட்டவர் மறுபடி கிளம்பும்போது பின்சக்கரம் சுற்றிக் குழி தோண்டிவிடும். குதிரை வந்தால் சரிவின் கீழ்ப்பக்கமாக இறங்கி நின்று, குதிரைக்காரரிடம் சாதாரணக் குரலில் ஏதாவது பேசுங்கள். ஹெல்மெட் போட்டுச் சேறு பூசிய உருவம் மனிதர்தான் என்று குதிரைக்குத் தெரிய வேண்டும்.

கூட்டமாக ஓட்டினால் முன்னால் போகிறவர் டயரிலிருந்து வரும் மண் பின்னால் வருகிறவர் கண்ணுக்குத்தான் போகும். இந்த டயரோடு ஒரு மட்கார்டும் வாங்கிவிடுங்கள், ஃபோர்க்கில் வார்க் கட்டிப் போடும் பிளாஸ்டிக் தகடே போதும். முன்னால் போடுவது உங்களுக்கு, பின்னால் போடுவது உங்கள் பின்னால் வருகிற நண்பருக்கு. எங்கள் குழுவில் பின் மட்கார்டு இல்லாதவர் கடைசியில்தான் ஓட்டுவார், யாரும் இதில் வருத்தப்பட்டதில்லை.

டயரின் குறைகள் என்று பார்த்தால், கெட்டித்தரையில் இது வேறு ஆளாகிவிடுகிறது. உயரப் பட்டன் வளைந்து கொடுப்பதால் வளைவில் டயர் நெளிகிற மாதிரி ஓர் உணர்வு, உருளும் வேகமும் குறைவு, தார்ச் சாலையில் உறுமல் சத்தம். நனைந்த வேரிலும் வழுவழுப் பாறையிலும் அதிகம் நம்ப வேண்டாம், ஸ்பைக்குக் குத்தி இறங்க இடம் இல்லாதபோது தரையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைவு, சட்டென்று சறுக்கும். அங்கே மென்மையான ரப்பரில் செய்த சாதாரண அகல டயர்தான் மேல். தேய்மானமும் அதிகம், தார்ச் சாலையில் ஓட்டிக்கொண்டே பாதைக்குப் போகிறவராக இருந்தால் நடுப்பட்டன் முனை மழுங்கிவிடும். ஃபோர்க்கில் இடைவெளி குறைவாக இருந்தால் 2.4-க்குப் பதில் ஒல்லியான அளவு எடுங்கள், மண் வெளியேற இடம் வேண்டும், ஒல்லி டயர் குழம்பைச் சீக்கிரம் வெட்டிக்கொண்டு கீழேயும் போகும். புல்லிலும் சேற்றிலும் சுற்றி ஓட்டும் சைக்ளோகிராஸ் பந்தயத்தில், சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ-யின் விதிப்படி டயர் 33 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டக்கூடாது, அவ்வளவு ஒல்லி டயரில்தான் முழங்கால் சேற்றில் அவர்கள் அப்படி ஓட்டுகிறார்கள். அது பந்தயத்துக்கென்று ஒதுக்கி, முடிந்தபின் சீர்செய்யும் தரை என்பதையும் மறக்க வேண்டாம்.

கழுவுவதில் நான் ரொம்பக் கறார். பட்டன்களுக்கு நடுவே மண் நிற்காவிட்டாலும் பக்கவாட்டுப் பட்டனின் அடியில் நிற்கும். அதில் களைச்செடியின் விதை இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமியும் இருக்கலாம். நியூசிலாந்தில் கவுரி மரங்களைக் கொல்லும் ஃபைட்டோஃப்தோரா என்ற கிருமி காலணியிலும் டயரிலும் ஒட்டிய மண் வழியாகவும் இடம் மாறும், அதனால்தான் அங்கே காட்டுப்பாதைத் தொடக்கத்தில் பிரஷும் கிருமிநாசினியும் வைத்திருக்கிறார்கள். நம் காட்டில் அப்படி எதுவும் இல்லை என்று நினைப்பதைவிட ஒரு பிரஷ் பையில் வைத்துக்கொள்வது சுலபம். பாதையை விட்டுக் கிளம்பும் முன் அங்கேயே மண்ணைத் தட்டிவிடுவேன், ஓர் இடத்து மண் அந்த இடத்திலேயே இருக்கட்டும். அப்படியே சாலையில் ஏறினால் கட்டி கட்டியாக விழும், அதில் இன்னொருவர் சறுக்குவார். மீதியை வீட்டில் வாளித் தண்ணீரில் கழுவுகிறேன். ஓடையில் இறக்கிக் கழுவ வேண்டாம். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயையும் ஹப், பெடல் அச்சு, கைப்பிடித் தண்டு பேரிங் பக்கம் காட்ட வேண்டாம், கிரீஸை வெளியேற்றிவிட்டு மணலை உள்ளே அனுப்பிவிடும். செயினைத் துடைத்துக் காயவைத்து எண்ணெய் போடுங்கள், பிரேக் பேடையும் பாருங்கள். நனைந்த மணல் பேடைத் தேய்ப்பது உப்புத்தாள் வேகம், பிசினால் பிணைத்த மென்மையான ஆர்கானிக் பேட் என்றால் மோசமான ஒரே நாளில் பாதி போய்விடும், மழைக்காலத்துக்கு உலோகத்தூளை இறுக்கிச் செய்த சிண்டர்டு பேட் மாற்றிக்கொள்வது நல்லது.

யாருக்கு இந்த டயர் என்று கேட்டால், கல்லும் மணலும் கலந்து, தண்ணீர் வடியும்படி நன்றாக வெட்டிய பாதையில் மழைக்காலம் முழுக்க ஓட்டுகிறவர், அல்லது பந்தயத்துக்குப் போகிறவர் தயங்காமல் வாங்கலாம். உங்கள் பக்கத்துப் பாதைகள் முழுக்கக் களிமண் என்றால் நான் வாங்கச் சொல்லமாட்டேன். இந்த டயர் தேவைப்படும் நாளில் அங்கே ஓட்டக்கூடாது, ஓட்டக்கூடிய நாளில் இந்த டயர் தேவைப்படாது. அந்தப் பணத்தில் நல்ல மட்கார்டு இரண்டு வாங்கி, மழை நாளில் செப்பனிட்ட மண்சாலையில் ஓட்டுங்கள், அல்லது மண்வெட்டி எடுத்துக்கொண்டு பாதை வேலைக்குப் போங்கள், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்க்க முடியும்.

பின்சக்கரத்துக்கும் இதையே போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் தொடக்கத்தில் ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டேன். பின்னால் சாதாரணப் பட்டன் டயர் இருந்தால் மண் தாங்காத இடத்தில் அது சுற்ற ஆரம்பிக்கும், அந்த இடத்தில் நான் இறங்கிவிடுகிறேன்.